மகள் மடத்துக்குப் போகிறேன் என்கிறாள். நர்ஸாகவே சேவை செய்யலாமே, மடம் எதற்கு?

கேள்வி: பூக்கடை அப்பா

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க.

நான் நிலக்கோட்டைப் பக்கம். தோட்டங்களில் மல்லிகை வாங்கி மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு அனுப்புகிற வியாபாரம். ஒரு மகன், ஒரு மகள். மகன் திருப்பூரில் இருக்கிறான். மகளுக்கு 22 வயது. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து மதுரையில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறாள். போன மே மாதம் ஒரு அழைத்தல் முகாமுக்குப் போய்வந்தாள். இப்போது எஃப்.எம்.எம். (பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி) சபை சிஸ்டர்களோடு சேரப் போகிறேன் என்று சொல்கிறாள்.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். சாமியாரையும் சிஸ்டரையும் கண்டால் எழுந்து நிற்கிற குடும்பம்தான். ஆனாலும் சொந்த மகள் என்று வரும்போது மனசு கேட்கவில்லை. என் மனைவி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஏழைகளுக்குச் சேவை செய்யத்தான் ஆசை என்றால், நர்ஸாக இருந்துகொண்டே செய்யலாமே? ராத்திரி டூட்டியில் ஒரு ஏழைக்குத் தண்ணீர் கொடுத்தால் அது மிஷன் இல்லையா? இதை அவளிடம் கேட்டேன். 'அது வேற அப்பா' என்கிறாள். எப்படி வேற என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம் ஒரு சம்பந்தம் பேசி முடிக்கிற நேரத்தில் தட்டிப்போனது. அந்த வருத்தத்தில் இப்படிச் சொல்கிறாளோ என்றும் பயமாக இருக்கிறது. நாளைக்குப் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர முடியுமா? வயதான காலத்தில் யார் பார்ப்பார்கள்? உள்ளே இருந்தவர்கள் யாராவது உள்ளபடியே சொல்லுங்கள்.

பதில்: சாமைக்காடு சிஸ்டர்

அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாளாக அதை வைத்தே செபித்துக்கொண்டிருந்தேன். நான் எஃப்.எம்.எம். இல்லை, வேறொரு சபை. 1994-இல் முதல் வார்த்தைப்பாடு, அதாவது கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற துறவற வாக்குறுதி, கொடுத்தேன். நானும் நர்ஸ்தான்.

உங்கள் மகளுக்குச் சொல்லத் தெரியாததை எனக்கு மட்டும் சொல்லத் தெரியும் என்று இல்லை. ஆனால் எனக்கு அது புரிந்த இடத்தைச் சொல்ல முடியும்.

2003-இல் என்னை ஜவ்வாது மலையில் ஒரு சிறிய டிஸ்பென்சரிக்கு அனுப்பினார்கள். நாங்கள் மூன்று பேர். ஒருவர் பள்ளிக்கூடம், நான் மருந்து, மூத்த சிஸ்டர் வீட்டுக்கும் சமையலுக்கும். சுற்றிலும் சாமைக்காடு. மழைக்காலத்தில் பாதை அறுந்துபோனால் போளூர் பஸ் இரண்டு மூன்று நாள் வராது. அங்கே நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். எந்தக் குடிசையில் யார் கர்ப்பம், எத்தனையாவது மாதம், டி.பி. மாத்திரையில் யார் எத்தனை வாரம் முடித்திருக்கிறார்கள், யார் பாதியில் நிறுத்தக்கூடியவர் என்றெல்லாம் அதில் இருக்கும். டி.பி.க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் நிறுத்திவிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் அந்த நோட்டோடு நடப்பேன்.

ஆறு வருடம் இருந்தேன். அந்த மக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரியும். அங்கேயே செத்து அங்கேயே அடக்கமாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 2009 மே மாதம் மாற்றல் கடிதம் வந்தது. மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். நான் எங்கள் சபையின் மாகாணத் தலைவிக்கு எழுதிக் கெஞ்சினேன். அவர் போனில் பேசினார், பொறுமையாகக் கேட்டார், முடிவை மட்டும் மாற்றவில்லை. வருகிற சிஸ்டர் என்னைவிட ஆறு வயது சின்னவர், மலையே பார்த்ததில்லை. எனக்குக் கோபம். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே கனத்தது. கற்பும் ஏழ்மையும் எனக்கு அவ்வளவு பாரமாக இருந்ததில்லை அண்ணா. போ என்றால் போவதுதான் பாரம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு பாட்டி வந்தார். அழவில்லை. 'வர்ற அம்மாவுக்கு எங்க பேரெல்லாம் தெரியுமா?' என்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். அன்று ராத்திரி உட்கார்ந்து நோட்டைப் புதிதாக எழுதினேன். அதுவரை நான் கிறுக்கி வைத்திருந்தது எனக்கு மட்டும் புரியும். இப்போது இன்னொருவருக்குப் புரியும்படி எழுத வேண்டியிருந்தது. வீடு வீடாக, பெயர் பெயராக, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரைக்கும். விடிந்துவிட்டது. காலைச் செபத்துக்கு மணி அடித்தபோதுதான் முடித்தேன்.

எட்டு வருடம் கழித்து ஒரு சாவுக்காக அந்த மலைக்குப் போனேன். டிஸ்பென்சரி மேசையில் அதே மாதிரி ஒரு நோட்டு. நாலாவது நோட்டாம். எனக்கு அடுத்து இரண்டு பேர் மாறி மூன்றாவது சிஸ்டர் இருந்தார். மாத்திரை பாதியில் நின்றுபோன ஆட்களின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போடுவது என் பழக்கம். அதை அவர்களும் அப்படியே போட்டிருந்தார்கள், யார் தொடங்கியது என்று தெரியாமலே.

நர்ஸாக இருந்துகொண்டே சேவை செய்ய முடியாதா என்று கேட்டீர்கள். முடியும். அது குறைந்ததே இல்லை. உங்கள் மகள் ராத்திரி டூட்டியில் கொடுக்கிற தண்ணீரும் ஆண்டவருக்குக் கொடுக்கிற தண்ணீர்தான். ஆனால் நான் அந்த மலையில் தனியாளாக, என் ஆசைக்காகப் போய் இருந்திருந்தால், எனக்கு முடியாமல் போகிற நாளில் அந்த வேலையும் முடிந்திருக்கும். மக்கள் எனக்குச் சொந்தமாகியிருப்பார்கள். என்னை அனுப்பினார்கள், அப்புறம் எடுத்துவிட்டார்கள், இன்னொருவரை அனுப்பினார்கள். அதனால்தான் அந்த வீட்டில் இன்றைக்கும் விளக்கு எரிகிறது. நான் மடத்தில் இருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

சம்பந்தம் தட்டிப்போனதைப் பற்றி: அதை மறைக்காமல் அந்தச் சிஸ்டர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளர் யாரும் அதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். வார்த்தைப்பாட்டுக்கு முந்தின பயிற்சிக் காலம்தான் நவதுறவு. திருச்சபைச் சட்டப்படி அது குறைந்தது பன்னிரண்டு மாதம். அந்தக் காலத்தில் பயிற்சிக்கு உதவாத படிப்போ வேலையோ கொடுக்கக் கூடாது. ஊசி போட்ட கை அந்த ஒரு வருடம் பாகற்காய்க்குப் பந்தல் போடும், கோயில் தரையைத் துடைக்கும், மீதி நேரம் மௌனம். எதிலிருந்து ஓடி வந்தோமோ அது அந்த மௌனத்தில் முதல் ஆளாக வந்து எதிரே நிற்கும். என்னோடு சேர்ந்த பதினொரு பேரில் நாலு பேர் அங்கிருந்து வீட்டுக்குப் போனார்கள். நாலு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

திரும்பி வர முடியுமா? முடியும். நவதுறவி எந்த நாளும் கிளம்பலாம். யாரும் பிடித்து வைக்க முடியாது. முதல் வார்த்தைப்பாடு சில வருடத்துக்கு மட்டும்தான். மூன்றுக்குக் குறையாது, ஆறைத் தாண்டாது, சிலருக்கு ஒன்பது வரை நீட்டலாம். அந்தக் காலம் முடியும்போது புதுப்பிக்காமல் வந்துவிடலாம். அதற்கு அப்புறம்தான் வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாடு. இதற்கெல்லாம் முன்னால், நவதுறவுக்கு முந்தின பயிற்சியும் உண்டு. இன்றைக்குச் சேர்ந்தால் அவள் கடைசி முடிவு எடுக்கும்போது முப்பதை நெருங்கியிருப்பாள்.

சொத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உறவுக்காரர்கள் கேட்பார்கள். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தன் சொத்தை யார் நிர்வகிப்பது என்பதை அவளே விரும்பியவரிடம் ஒப்படைக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லுகிற உயில் எழுத வேண்டும். சம்பாதிப்பது சபைக்குப் போகும். அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை செய்யும் எங்கள் சிஸ்டர்களின் சம்பளம் முழுவதும் அப்படித்தான். அதற்கும் வருமான வரி பிடிக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

வயதான காலத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது மணி அடித்துவிட்டது.

பதில்: பாதியில் வந்தவள்

ஐயா, நான் நவதுறவில் பத்தாவது மாதம் வெளியே வந்தவள். 2011-இல். சபையின் பெயர் வேண்டாம். அவர்கள்மேல் எனக்குக் கசப்பு இல்லை, ஆனால் அந்த நாளை இன்னும் மறக்க முடியவில்லை.

சிஸ்டர் சொன்னது எல்லாம் சரி. சட்டத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. ஊரில்தான் திறந்திருக்காது. என்னைக் கூட்டிப்போக வந்த என் அப்பா, பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் தெரு வழியாக வராமல் வாய்க்கால் ஓரமாகச் சுற்றிக் கூட்டிப்போனார். ராத்திரி எட்டு மணி. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு என்மேல் கோபம் இல்லை என்று இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகவே இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். 'மடத்துல இருந்து வந்த பொண்ணு' என்ற பேச்சு கல்யாணம் வரைக்கும் துரத்தியது.

இத்தனைக்கும் என் நவதுறவுத் தாய் என்னை அன்பாகத்தான் வழியனுப்பினார். எனக்கு மௌனம் ஒத்துவரவில்லை. பிள்ளைகள் கூட்டத்தில்தான் என்னால் செபிக்க முடிகிறது. இன்றைக்கு அரசுப் பள்ளியில் ஆசிரியை. என் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள்.

உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அவள் கிளம்பும்போது ஊரைக் கூட்டி விருந்து வைக்காதீர்கள். முதல் வார்த்தைப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். 'எப்ப வந்தாலும் கோயில் தெரு வழியாவே கூட்டிட்டு வருவேன்' என்று இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பதில்: நாகர்கோவில் தம்பி

என் அக்கா ஜார்க்கண்டில் பத்தொன்பது வருடமாக சிஸ்டராக இருக்கிறாள். சாத்ரி மொழி பேசுகிறாள். போனில் சில நேரம் தமிழ் வார்த்தை சட்டென்று வராமல் யோசிப்பாள். வீட்டுக்கு வர ரயிலில் இரண்டு ராத்திரி.

அம்மா இறந்தபோது அவளால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. அந்த வலி குடும்பத்தில் இன்னும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்குக் காலையிலேயே அவள் சபையின் பக்கத்து மடங்களிலிருந்து பதினாலு சிஸ்டர்கள் வந்துவிட்டார்கள். ஒருவரையும் எங்களுக்கு முன்பின் தெரியாது. ஒருவர் அடுப்படியில் நின்றார், இருவர் அம்மாவைக் குளிப்பாட்ட உதவினார்கள், மீதிப்பேர் செபமாலை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கல்லறையில் மகள் போட வேண்டிய மண்ணை அவர்களில் மூத்தவர் போட்டார். அப்பா அவரிடம் 'நீயும் என் மகதான்' என்றார். அக்கா மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாள்.

கேள்வி கேட்டவர்: பூக்கடை அப்பா

எல்லாவற்றையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். வாய்க்கால் ஓரமாகக் கூட்டிப்போன அப்பாவின் இடம் வந்தபோது என்னால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை, அவள் வாங்கி வாசித்தாள். அந்தத் தங்கைக்கு: மகளிடம் நேற்றே சொல்லிவிட்டேன், நீங்கள் சொன்ன அதே வார்த்தையில்.

சிஸ்டர், வயதான காலத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றீர்கள். அந்த எஃப்.எம்.எம். சபையைப் பற்றியும் தெரிந்தால் சொல்லுங்கள்.

பதில்: சாமைக்காடு சிஸ்டர்

அண்ணா, அந்தச் சபையின் தொடக்கம் நம் மண்ணோடு ஒட்டியது. அவர்களைத் தொடங்கிய அன்னை மேரி ஆஃப் தி பாஷன், பிரான்சில் நாந்த் நகரில் 1839-இல் பிறந்தவர். முதலில் கிளாரா சபை மடத்தில் சேர்ந்தார், உடம்பு ஒத்துழைக்காமல் வீட்டுக்குத் திரும்பினார். அப்புறம் வேறொரு சபையில் சேர்ந்து 1865-இல் நவதுறவியாகவே மதுரைக்கு வந்தார். சீக்கிரமே இங்கே மாகாணத் தலைவியும் ஆனார். ஆனால் அந்தச் சபைக்குள் பெரிய மனவேறுபாடு எழுந்து, 1876-இல் இருபது சகோதரிகள் அதிலிருந்து பிரிந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர். ஊட்டிக்குப் போனார்கள். அவர் ரோமுக்குப் போய் நிலைமையைச் சொன்னார். 1877 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று ஒன்பதாம் பத்திநாதர் புதுச் சபைக்கு அனுமதி கொடுத்தார். அப்படி ஊட்டியில் தொடங்கியதுதான் இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. 2002-இல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள்.

இரண்டு மடங்களை விட்டு வெளியே வந்த பெண் அவர். 'பாதியில் வந்தவள்' தங்கைக்காகவும் இதைச் சொல்கிறேன்.

1900 ஜூலை 9-ஆம் தேதி சீனாவில் தாய்யுவானில் அவர்களில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். இப்போது புனிதர்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்களுக்குப் பின் அதே ஷான்சி பகுதிக்குப் போன அசுந்தா பல்லோத்தா. இத்தாலியில் ஏழைக் குடும்பத்துப் பெண். பெரிய படிப்பு இல்லை. மடத்தில் கொடுத்த வேலை சமையல், தோட்டம், ஆடு மாடு. சீனாவுக்குப் போயும் சமையல்தான். அங்கே ஒரு வருடம்கூட முழுதாக இல்லை, 1905 ஏப்ரலில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்துபோனார், வயது 26. அவருக்கும் 1954-இல் முத்திப்பேறு பட்டம் கிடைத்தது. மிஷன் என்றால் கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசுவது என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் எப்போதும் இவரைத்தான் சொல்வேன்.

வயதான காலம். நான் இப்போது இருப்பதே எங்கள் மூத்த சிஸ்டர்களின் இல்லத்தில்தான். ஒன்பது பேர், நடக்க முடிந்தவர்கள் நாலு பேர். அவர்களில் ஒருவர், நான் மலையில் இருந்தபோது வீட்டைப் பார்த்துக்கொண்ட அந்த மூத்த சிஸ்டர். எங்கள் இருவருக்கும் அந்த ஆறு வருடமும் ஒத்துப்போனதே இல்லை. ராத்திரி பிரசவம் பார்த்துவிட்டு விடிகாலையில் வந்து, காலைச் செபத்துக்குப் போகாமல் படுத்துவிடுவேன். 'செபம் இல்லாத சேவை கம்பெனி வேலை' என்று சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொல்வார். எனக்கு அது குத்தும். ஒரு தடவை தவக்காலம் முழுக்க, நாற்பது நாள், அவசியத்துக்கு மேல் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய வியாழன் இரவு நற்கருணை ஆராதனையில் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலில் இருந்தோம். அப்போதும் பேசவில்லை. அதற்காக எத்தனையோ தடவை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன்.

இப்போது அவருக்கு 84. கை நடுங்குகிறது. நான்தான் குளிக்க வைத்து, கஞ்சி ஊட்டுகிறேன். எங்களுக்குள் பெரிய சமாதானப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. இன்றைக்கும் டீ ஆறிவிட்டது என்று சொல்கிறார், நான் இன்னும் கொஞ்சம் சுட வைத்துக் கொண்டு வருகிறேன். ஆனால் காலை ஐந்தரைக்கு நான் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் செபப் புத்தகமான திருப்புகழ்மாலையைத் திறந்தால், கண்ணை மூடியபடியே சங்கீதத்தின் அடுத்த வரியை அவர் சொல்வார். ஒரு வரி நான், ஒரு வரி அவர். புத்தகம் அவருக்குத் தேவையில்லை. அவர் சொன்னதில் பாதி சரி என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு நான் தூங்கியதும் சரிதான்.

என்னையும் யாராவது இப்படிப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்தவராக இருப்பார் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. மடத்தில் நம் கூட இருப்பவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை அண்ணா. இதை உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஏழைகளை நேசிக்க ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் ஏழைகளிடம் இல்லை, பக்கத்து அறை சிஸ்டரிடம்தான்.

போய்ப் பார்க்கும்போது நீங்களும் கூடப் போங்கள். வரவேற்பறையோடு திரும்பாதீர்கள். வயதான சிஸ்டர்கள் இருக்கும் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் நிம்மதியாகத் திரும்பலாம்.

கேள்வி கேட்டவர்: பூக்கடை அப்பா

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை மூன்று பேரும் போகிறோம். இன்னும் சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் மனைவி இன்றைக்குச் சாப்பிட்டாள். ஒரு சின்னக் கேள்வி சிஸ்டர். சேருவதாக இருந்தால் ஒரு தட்டும் டம்ளரும் எவர்சில்வரில் வாங்கி, அவள் பெயரை வெட்டிக் கொடுக்கலாமா என்று மனைவி கேட்கிறாள். அங்கே அதெல்லாம் கூடாதா?

பதில்: சாமைக்காடு சிஸ்டர்

தாராளமாகக் கொடுக்கலாம் அண்ணா. ஆனால் அக்காவிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அங்கே பாத்திரம் எல்லாம் ஒன்றாகத்தான் கழுவி அடுக்குவார்கள், கைக்கு வந்ததை எடுத்துக்கொள்வார்கள். என் அம்மாவும் பெயர் வெட்டித்தான் ஒரு டம்ளர் கொடுத்தார். மாற்றலாகி வரும்போது அதை ஜவ்வாது மலையிலேயே விட்டுவிட்டு வந்தேன். எட்டு வருடம் கழித்துப் போனபோது, அந்தச் சின்ன சிஸ்டர் அதில்தான் எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். 'இது யார் பெயர் சிஸ்டர்?' என்று என்னிடமே கேட்டார். குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.